வேலிக்கு உகந்த களா

வட்டார வளர்ச்சி அலுவலர், ஆத்தூர்

பயிரிடுவது பாதி, காப்பது பாதி என்பது உழவர் யாவரும் அறிந்ததே. உழுது, எருவிட்டு, விதைத்து, களையெடுத்து மூன்று திங்கள் பாடுபட்டு வளர்த்த பயிரை, வேலியில் உள்ள ஒரு சந்து வழியாக நுழைந்த நான்கு ஆடுகள் ஒரு பொழுதில் அழித்துவிடக்கூடும். ஆகையால்தான் நம் முன்னோர் நிலத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்களோ அவ்வளவு மதிப்பை வேலிக்கும் கொடுத்தார்கள். கிளுவை, கள்ளி, நொச்சி, களா முதலிய செடிகளை வரப்போரம் வைத்து வளர்த்து, தந்தை வைத்த வேலியை மகன் காத்து வந்தான்.

ஆத்தூர் வட்டாரத்துக்கு வடபுறம் கல்வராயன் மலை, தென்புறம் பச்சைமலை. இவற்றின் இடையே வசிட்ட நதியும் சுவேத நதியும் ஓடுகின்றன. ஆறு இருந்தும் ஆண்டில் பல மாதங்கள் மணலே தெரியும். கிணற்றுப் பாசனத்தை நம்பி மஞ்சளும் பாக்கும் உண்டு. மேட்டுக்காடுகளில் மரவள்ளியும் மக்காச்சோளமும் பருத்தியும் உண்டு. மலையடிவாரத்திலுள்ள கல்லாங்காடுகள் வானத்தையே நம்பியிருக்கின்றன. இத்தகைய நிலங்களுக்கு வேலி போடுவது எங்ஙனம் என்பது சிறிய கேள்வியன்று.

இப்போது நம் ஊர்களில் மூன்று வகை வேலிகளைக் காண்கிறோம். முதலாவது, ஆண்டுதோறும் முள் வெட்டிவந்து அடுக்கும் வேலி. இதற்குக் கூலி செலவாவதுடன், அடிவாரத்துப் புதர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. ஒரு மழைக்காலத்தில் அம்முள்ளைக் கறையான் தின்றுவிடுவதால் அடுத்த ஆண்டும் அதே வேலை. இரண்டாவது, கல்தூணும் கம்பியும். இது நல்ல காவல்தான். ஆயின் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உடைய குடும்பம் இச்செலவைத் தாங்க இயலாது. மூன்றாவது, தானாக முளைத்து மண்டிய சீமைக் கருவேல்.

சீமைக் கருவேல் நம் நாட்டு மரம் அன்று. 1877-ஆம் ஆண்டு ஜமைக்காவிலிருந்து அக்காலச் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதிக்கு விறகுத் தேவையை எண்ணிக் கொண்டுவரப்பட்டது. அது விறகைத் தந்தது உண்மை. ஆனால் ஏரியையும் ஓடையையும் மேய்ச்சல் நிலத்தையும் தன்வசப்படுத்திக்கொண்டது. அதனடியில் வேறு செடி எளிதில் முளைப்பதில்லை. அயல்நாட்டு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சுதேசித் தாவரங்களை மீண்டும் வளர்க்க வேண்டும் என்னும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டு வெளியிட்டது யாவரும் அறிந்ததே.

இக்கொள்கையை விளக்குவதற்காக அடிவாரச் சிற்றூர் ஒன்றில் கூட்டம் நடந்தபோது, வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் எழுந்து, "முள்ளை எடுத்துவிடலாம் ஐயா, நாளைக்கு ஆடு உள்ளே வந்தால் யார் ஓட்டுவது?" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அகற்ற வேண்டியது எது என்பதைச் சொல்லத் தெரிந்த நான், அவ்விடத்தில் வைக்க வேண்டியது எது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவ்வம்மையாருக்கு அன்று கூறாத விடையையே இங்கு எழுதுகிறேன். அவ்விடைக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அது நம் மலைச்சரிவிலேயே நிற்கிறது. அதன் பெயர் களா.

களாவின் இயல்பு

களாச் செடியை அறியாத மலையோரச் சிறுவர் இரார். பள்ளி விடுமுறையில் கை கீறிப் பழம் பறித்த நினைவு நம்மில் பலருக்கு உண்டு. அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் எந்தப் பகுதியைக் கிள்ளினும் வெண்ணிறப் பால் வடியும். இலைகள் எதிர் எதிராக அமைந்து, தடித்துப் பளபளப்பாக இருக்கும். கணுக்களில் இணையிணையாக உறுதியான முட்கள் நிற்கும். சில முட்கள் நுனியில் கவைபட்டிருக்கும். கோடையில் முல்லையைப் போன்ற வெண்ணிறப் பூக்கள் கொத்தாகப் பூத்து மணம் வீசும். காய் பச்சையாக இருந்து, சிவந்து, ஆனி ஆடி மாதங்களில் கருநீலமாகப் பழுக்கும். மழைக்கும் இடத்துக்கும் தக்கவாறு இக்காலம் சற்று முன்பின் ஆகலாம்.

இதில் இரு வகைகள் நமக்குப் பயன்படும். ஒன்று சிறுகளா. இது கல்வராயன், பச்சைமலை, சேர்வராயன் போன்ற மலைகளின் சரிவிலும் அடிவாரப் புதர்க்காட்டிலும் தானே வளர்வது. பழம் சிறியது, இனிப்பு மிகுந்தது. வேரிலிருந்தும் புதுத்துளிர் விட்டுப் பரவும் இயல்புடையது. மற்றொன்று பெருங்களா. இதன் காய் பெரியது, புளிப்பு மிகுந்தது, ஊறுகாய்க்கு ஏற்றது. தெலுங்கர் இதனை வாக்காய் என்றும், வடநாட்டார் கரோந்தா என்றும் வழங்குவர். காவலே முதன்மையான நோக்கமாயின் சிறுகளாவும், காயை விற்கவும் எண்ணினால் பெருங்களாவும் ஏற்றவை.

இச்செடி தமிழர்க்குப் புதிதன்று. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் பாடப்பெற்ற சேர மன்னன், களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்னும் பெயருடையவன். களங்காயால் ஆன கண்ணியைத் தலையில் சூடிய அரசனது பெயர் இன்றளவும் நிற்கிறது. எட்டாத பலாவைவிடக் கையிலுள்ள களாக்காய் மேல் என்பது நம் பாட்டிமார் வாயில் வழங்கும் பழமொழி. பிற நாட்டாரும் இவ்வினத்தின் அருமையை அறிந்துள்ளனர். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குரிய வேறொரு களா வகை, அங்கும் பிற நாடுகளிலும் தோட்ட வேலிக்காக நடப்படுகிறது.

வறட்சியைத் தாங்கும் திறம்

கோடையில் மலையடிவாரத்தில் நின்று பார்ப்பவர், பல மரங்கள் இலையுதிர்த்து நிற்க, களாப் புதர் மட்டும் பசுமையாக இருப்பதைக் காண்பர். தடித்த இலையும் அதன்மேலுள்ள மெழுகு போன்ற பூச்சும் நீர் ஆவியாகி வெளியேறுவதைக் குறைக்கின்றன. வேர் கல்லிடுக்குகளில் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடுகிறது. செம்மண், சரளை, மணற்பாங்கு ஆகிய எல்லா நிலத்திலும் வளரும். நீர் தேங்கும் நிலம் ஒன்றே இதற்கு ஆகாது. நன்செய் வரப்புக்கும் ஏரியின் உள்வாய்க்கும் களாவைப் பரிந்துரைக்க மாட்டேன். மேட்டுக்காடும் கல்லாங்காடுமே இதற்குரிய இடம்.

வேலியில் வாழும் உயிர்கள்

கம்பி வேலிக்கும் களா வேலிக்கும் உள்ள பெரும் வேறுபாடு யாதெனில், களா வேலியில் உயிர்கள் தங்குகின்றன என்பதே. கொண்டைக்குருவி, மைனா, குயில் முதலிய பறவைகள் பழத்தை உண்டு, விதையை வேறிடங்களில் இடுகின்றன. மலைச்சரிவில் களாவை விதைத்தவர் எவரும் இலர், பறவைகளே அத்தோட்டக்காரர். நரியும் மரநாயும் பழத்தைத் தின்னும். கரடி வாழும் காடுகளில் அதற்கும் இது உணவு. முள் நிறைந்த புதருக்குள் பருந்தும் பூனையும் எளிதில் நுழைய இயலாதாகையால் தவிட்டுக்குருவியும் செம்போத்தும் அங்குக் கூடு கட்டுகின்றன. கவுதாரியும் முயலும் அதனடியில் பதுங்குகின்றன. இரவில் மணக்கும் வெண்பூவை அந்துப்பூச்சிகளும், பகலில் தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் நாடி வருகின்றன.

"காட்டு உயிர்களுக்கு இடம் கொடுத்தால் பயிருக்குக் கேடு அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. தானியக் கதிரைக் கொத்தும் பறவைகள் உண்டு. ஆனால் தவிட்டுக்குருவி, செம்போத்து, கீச்சான், ஓணான் ஆகியவை வெட்டுக்கிளியையும் புழுவையும் தேடித் தின்பவை என்பதையும் மறத்தலாகாது. களா இலையைத் தின்னும் சில புழுக்களைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அவை அரளி, நந்தியாவட்டை போன்ற பாலுள்ள செடிகளில் வளரும் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளின் புழுக்கள். மக்காச்சோளத்தையும் மரவள்ளியையும் அவை நாடுவதில்லை.

சிற்றுயிர்களின் உதவி எத்தகையது என்பதற்கு நம் வட்டாரமே சான்று. அயல்நாட்டிலிருந்து வந்த மாவுப்பூச்சி மரவள்ளியைத் தாக்கிச் சேலம், நாமக்கல் உழவரைப் பெரும் இன்னலுக்கு உள்ளாக்கியது. அதனை அடக்குவதற்காக ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கிய, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு ஒட்டுண்ணிக் குளவிகள், 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டன. மருந்து தெளிக்கும் கையால் செய்ய முடியாததை ஒரு குளவி செய்யும் என்பதை அன்று பலர் அறிந்தனர். இத்தகைய நன்மை செய்யும் பூச்சிகளுக்கு, அறுவடைக்குப் பின் நிலம் வெறுமையாகும்போது ஒதுங்குவதற்கு, மருந்து படாத பசுமை வேண்டும். வரப்பை முற்றிலும் மழித்து வைத்திருக்கும் நிலத்தில் அவை எங்கே தங்கும்?

விதையும் நாற்றும்

களா வளர்ப்பில் முதன்மையாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. இதன் விதை நீண்ட நாள் உயிர் தாங்காது. இதனை நான் நூலில் படித்து அறிந்தேனல்லன்; தவறு செய்து அறிந்தேன். முன்பு வேறோர் இடத்தில் பணியாற்றியபோது, களா விதையை ஆனி மாதத்திலேயே சேகரித்து, நெல்லையும் சோளத்தையும் போல வெயிலில் நன்கு காயவைத்து, சாக்கில் கட்டி வைத்திருந்தோம். தை மாதத்தில் நானூறு நாற்றுப்பைகளில் விதைத்தோம். நாள்தோறும் நீர் ஊற்றிய பணியாளர் ஒரு திங்கள் கழித்து என்னை அழைத்துக் காட்டினார். நானூற்றில் முளைத்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. விதையில் குறையில்லை, குறை எங்களிடத்தில் இருந்தது. ஆகவே, பழத்திலிருந்து எடுத்த விதையை அந்த வாரத்திலேயே விதைத்துவிட வேண்டும்.

முறை பின்வருமாறு. நன்கு கறுத்துப் பழுத்த பழங்களைத் தேர்ந்து, பிசைந்து, சதையை நீரில் அலசி நீக்குக. விதையை நிழலில் ஒரு நாள் உலர்த்துக, வெயிலில் காயவைத்தலாகாது. செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நாற்றுப்பைகளை நிரப்பி, பைக்கு இரண்டு விதையாக, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுக. மேலே தென்னங்கீற்றால் சிறு பந்தல் இட்டு, பூவாளியால் நீர் தெளித்து வருக. இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைக்கும். இரண்டும் முளைத்தால் வலுவுள்ளதை வைத்து மற்றதை வேறு பைக்கு மாற்றலாம்.

ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று நான்கு விதைகள் இருக்கும். முந்நூறு நாற்றுக்கு அறுநூறு விதை ஊன்றுவதாயின் இருநூறு பழங்கள் போதுமானவை. இதற்காகக் காட்டிலுள்ள செடியைப் பிடுங்கிவருதல் வேண்டா. பிடுங்கிய செடி பிழைப்பது அரிது. காப்புக்காட்டில் அது குற்றமுமாகும். மலைவாழ் மக்கள் கூடையில் கொண்டுவந்து விற்கும் பழத்தை உரிய விலை கொடுத்து வாங்குவதே முறை. காட்டில் கிடைக்கும் சிறு விளைபொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு வழங்கியுள்ளது. நம் வேலிக்கு விதையும் அவர்களுக்கு வருவாயும் ஒருங்கே கிடைக்கும்.

போத்து நட்டு வளர்ப்பது களாவில் எளிதன்று. நல்ல காய் தரும் தாய்ச்செடியைப் பெருக்க விரும்புவோர் மழைக்காலத்தில் பதியன் போடலாம். வேலிக்கு விதை நாற்றே சிறந்தது. வேர் ஆழமாக இறங்கும்.

நடவு

ஆடியில் ஊன்றிய விதை, அடுத்த ஆண்டு ஆடி முதல் புரட்டாசிக்குள் நடவுக்குத் தயாராகும். களா முதலாண்டில் மெதுவாகவே வளரும். ஓரடி உயரம் வந்திருந்தால் போதும். சிறியதே என்று எவரும் மனம் தளர வேண்டா. தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் நட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடிக்கச் செய்வதே நம் வட்டாரத்துக்கு ஏற்ற பட்டம். கோடையில் நடுதல் கூடாது.

ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழமுள்ள குழிகளை மழைக்கு முன்னரே எடுத்து ஆறவிடுக. மேல்மண்ணுடன் ஒரு கூடை தொழுவுரத்தை இரண்டு குழிக்குப் பங்கிட்டு இடுக. வேலிக்குக் குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி போதும். ஆடுகள் மிகுந்த இடத்தில் இரண்டடியாகக் குறைக்கலாம். காய்க்காகத் தனிச் செடிகளாக வளர்ப்பதாயின் பத்தடி வேண்டும். எல்லைக் கல்லிலிருந்து இரண்டடி உட்புறம் தள்ளி நடுக. முள் வேலி அடுத்தவர் நிலத்தில் சாய்ந்து, அதனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த வழக்குகள் பல.

காவலும் கவாத்தும்

வேலியாக வேண்டிய செடிக்கும் முதலில் ஒரு வேலி வேண்டும். களாவின் முற்றிய கிளையை ஆடு அவ்வளவாக நாடுவதில்லையாயினும், இளந்தளிரைக் கடித்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் காவல் இன்றியமையாதது. இதற்கு அந்தச் சீமைக் கருவேலையே பயன்படுத்தலாம். ஒரே நாளில் நான்கு பக்கமும் அகற்றிவிட்டுப் பயிரைத் திறந்த வெளியில் நிறுத்துதல் அறிவுடைமை ஆகாது. ஓர் ஆண்டுக்கு ஒரு பக்கம் என்று அகற்றுக. வெட்டிய கிளைகளில் காய்கள் இருப்பின் அவற்றை நீக்கி எரித்துவிட்டு, கிளைகளைக் களா வரிசைக்கு வெளிப்புறம் அடுக்குக. கிளை மட்கும் காலத்தில் களா எழுந்துவிடும். அடிமரத்தை மண்ணுக்குக் கீழே ஓரடிவரை தோண்டி எடுக்காவிட்டால் சீமைக் கருவேல் மீண்டும் துளிர்க்கும் என்பதை நினைவில் கொள்க.

நட்ட முதற்கோடையில் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை செடிக்கு ஐந்து லிட்டர் நீர் ஊற்ற வேண்டும். அடியில் காய்ந்த சருகோ மக்காச்சோளத் தட்டையோ பரப்பினால் ஈரம் காக்கும். இரண்டாம் கோடையில் செடி வாடுவது கண்டால் மட்டும் நீர் ஊற்றினால் போதும். அதன்பின் மழையே போதுமானது.

செடி இரண்டடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகி அடி நெருங்கும். இதனைச் செய்யாவிட்டால் மேலே புதரும் கீழே சந்துமாக வளரும். ஆடு நுழைவது அச்சந்து வழியாகத்தான். நான்கு ஐந்து ஆண்டுகளில் வேலி இறுகிவிடும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, பழம் முடிந்த ஆவணியில், கவாத்து செய்க. அடிக்கடி கத்தரித்தால் வேலி அழகாக இருக்குமேயன்றிப் பூவும் காயும் இரா. ஏனெனில் களா கிளை நுனிகளில் பூப்பது. பறவைக்குப் பழமும் நமக்குக் காயும் வேண்டுமாயின் கத்தரிக்கோலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

நிலமும் நீரும்: ஒரு கணக்கு

ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. மூன்றடிக்கு ஒன்றாக 280 நாற்றுகள் தேவை. இரண்டடிக்கு ஒன்றாயின் 420. செத்துப்போவதற்கு ஈடு செய்ய இருபது விழுக்காடு கூடுதலாக வளர்த்தல் நலம். 280 செடிக்கு ஒரு முறை நீர் ஊற்ற 1,400 லிட்டர்; மாசி முதல் வைகாசி வரை எட்டு முறை எனக் கொண்டால் 11,200 லிட்டர். இஃது ஒரு கோடைக்கு மட்டுமே.

இழப்பையும் மறைக்காமல் கூறுதல் கடமை. வேலி மூன்றடி அகலம் பரவுமாயின், ஓர் ஏக்கரில் சுமார் ஆறு சென்ட் நிலம் அதற்குப் போய்விடும். சிறு நிலமுடையவருக்கு இது சிறு இழப்பன்று. ஆயினும், அவ்விடத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே பயிரில்லாத வரப்புத்தான். அடுத்தடுத்த நிலமுடைய இருவர் ஒத்துப் பொதுவரப்பில் ஒரே வரிசை வைத்தால், அப்பக்கத்து இழப்பும் உழைப்பும் இருவருக்கும் பாதியாகும். சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொண்ட நிலங்களில் இதனை முதலில் செய்து பார்க்கலாம்.

காயின் பயன்

விதை நாற்றுகள் மூன்றாம் நான்காம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பச்சைக்காயை ஊறுகாய் இடலாம்; பருப்புடன் சேர்த்துக் குழம்பும் துவையலும் செய்யலாம். முற்றும் பழுப்பதற்குச் சற்று முன்னர் உள்ள சிவந்த காயில் கூழாக உறையும் சத்து மிகுந்திருப்பதால், சர்க்கரைப் பாகுடன் காய்ச்ச ஜாம் நன்கு கெட்டிப்படும். காயை நறுக்கும்போது வடியும் பால் பிசுபிசுக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, நறுக்கிய காயை உப்பு நீரில் இட்டு அலசுதல் நலம். புளிப்பு மிகுதியாகையால் மண், பீங்கான், எவர்சில்வர் பாத்திரங்களையே பயன்படுத்துக. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதனைச் சிறு தொழிலாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சந்தை எவ்வளவு கொள்ளும் என்று சிறிது செய்து பார்த்த பின்னரே பெரிதாகத் தொடங்க வேண்டும். வேலியின் முதற்பயன் காவல். காய் கிடைத்தது மிச்சம்.

பறிப்போருக்கு ஒரு வேண்டுகோள். முழுவதையும் பறித்துவிடாமல் மேற்கிளையிலும் உட்புதரிலும் உள்ள பழத்தை விட்டுவிடுக. அவை பறவைகளின் பங்கு.

களாவால் ஆகாதவை

களாவைக் கொண்டு எல்லாவற்றையும் தடுத்துவிடலாம் என்று கூறுவது உண்மையாகாது. இறுகிய வேலி ஆட்டையும் மாட்டையும் நிறுத்தும். காட்டுப்பன்றியை நிறுத்தும் என்று உறுதி கூற இயலாது. அது அடியில் முட்டி வழி செய்துகொள்ளும். பாம்பு தங்குமே என்பாருக்கு, எப்புதரிலும் அது தங்கக்கூடும் என்பதே விடை. வீட்டையும் களத்தையும் ஒட்டி இவ்வேலியை வைக்காமல் இருப்பது நலம். சிறுகளா வேர்த்துளிர் விடுவதால் உட்புறம் ஆண்டுக்கு ஒருமுறை ஏர் ஓட்டி எல்லைக்குள் நிறுத்த வேண்டும். இவற்றை அறிந்து வைப்பவர் பின்னர் ஏமாற்றம் அடையார்.

ஊராட்சியின் பங்கு

தனி உழவர் முந்நூறு நாற்று வளர்ப்பது சற்றுக் கடினம். ஊராட்சி ஒன்றாக ஐயாயிரம் வளர்ப்பது எளிது. ஊராட்சி உறுப்பினர்களின் கவனத்துக்குச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, ஆனி மாதத்துக்குள் நாற்றங்காலுக்கு நீர் வசதியுள்ள இடத்தைத் தேர்ந்து, மண்ணும் எருவும் கலந்து, பைகளை நிரப்பி வைத்திருக்க வேண்டும். பழம் வந்த பின்னர் பை தேடினால் விதை செத்துவிடும்.

இரண்டாவது, நாற்று வேண்டுவோர் பெயரையும் வரப்பின் நீளத்தையும் முன்னரே பதிந்துகொள்ள வேண்டும். எண்ணிக்கை பார்த்து வழங்கிய நாற்று வழியில் கிடந்து வாடிய காட்சிகளை நாம் கண்டிருக்கிறோம். குழி எடுத்தவருக்கே நாற்று என்பது நல்ல விதி.

மூன்றாவது, சீமைக் கருவேல் அகற்றும் பணியையும் களா நடும் பணியையும் ஒரே திட்டமாக இணைத்து, எந்த ஆண்டு எந்தப் பக்கம் என்று கிராம சபையில் முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது, தனியார் நிலத்துக்கு முன்னர் பொது நிலத்தில் செய்து காட்ட வேண்டும். பள்ளித் தோட்டம், நாற்றங்கால், மேட்டுப்பாங்கான குளக்கரையின் வெளிச்சரிவு ஆகியவை ஏற்ற இடங்கள். மேய்ச்சல் நிலத்தில் வேலியிட்டு ஆடு மேய்ப்போரின் வழியை அடைத்தலாகாது. அவர்களும் நம் ஊராரே. அவர்களைக் கேளாமல் வைத்த வேலி நிலைக்காது.

ஐந்தாவது, நட்ட நாளைக் கொண்டாடுவதோடு நில்லாமல், இரண்டாம் ஆண்டுக் கோடையின் முடிவில் எத்தனை செடிகள் உயிருடன் உள்ளன என்று எண்ணிக் கிராம சபையில் படிக்க வேண்டும். அவ்வெண்ணிக்கையே உண்மையான கணக்கு.

முடிவாக

கூட்டத்தில் கேள்வி கேட்ட அம்மையார் தம் மேட்டுக்காட்டின் கிழக்கு வரப்பில் மட்டும் எழுபது நாற்றுகளை நட்டார். மற்ற மூன்று பக்கமும் சீமைக் கருவேல் அப்படியே இருக்கட்டும் என்றார், நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு கோடைகள் கழிந்தன. அண்மையில் அப்பக்கம் சென்றபோது எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு செடிகள் இடுப்பளவு நின்றன. ஆடு நுழையாத அளவுக்கு அது இன்னும் இறுகவில்லை. ஆனால் ஒரு செடியில் தவிட்டுக்குருவியின் கூடு ஒன்று இருந்தது. "வடக்குப் பக்கத்துக்கு நாற்று எப்போது கிடைக்கும்?" என்று அவர் கேட்டார்.

விவசாயப் பெருமக்களும் ஊராட்சி உறுப்பினர்களும் இவ்வாண்டு ஒரே ஒரு வரப்பிலேனும் களாவை வைத்துப் பாருங்கள். பழம் பழுக்கும் பருவம் குறுகியது. விதையின் உயிர் அதனினும் குறுகியது. பைகளையும் மண்ணையும் இப்போதே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்வது நலம்.